அப்படி ஒரு தெரு இல்லை

எங்கள் பெரியம்மாவுக்குத் தொண்ணூற்றாறு வயது. என் அம்மாவின் அக்கா. காது நன்றாகக் கேட்கும். பிடிக்காத பேச்சு மட்டும் கேட்காது. நாங்கள் இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் இரண்டே அறைகளில் இருக்கிறோம். வீட்டை மாற்றலாம் என்று இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எனக்கே அறுபத்து மூன்று ஆகிறது. பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து ஏறும்போது ஒவ்வொரு படியிலும் முழங்கால் என்னைத் திட்டுகிறது. லிஃப்ட் உள்ள வீடு, வெயில் வரும் வீடு என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். தலைகீழாக நின்றாலும் பெரியம்மா அசைய மாட்டாள். "உன் மாமாவுக்கு இந்த வாசல்தான் தெரியும்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மாமா என்றால் பெரியம்மாவுக்குத் தம்பி, என் அம்மாவுக்கு அண்ணன். நான் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால் வீட்டை விட்டுப் போனவர். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஒல்லி, விரிந்த காது, எதையோ நக்கலாகச் சொல்லிவிட்டு அப்போதுதான் வாயை மூடிய முகம். அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும் என்று பெரியம்மா காத்திருந்தாள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, அறுபத்தாறு வருஷம். வாழ்க்கையையே இப்படி வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டாளே என்று அவள் மேல் எனக்குக் கோபம் உண்டு. இப்போதும் உண்டு, ஆனால் காரணம் மாறிவிட்டது.

பெரியம்மா பிறந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரு ராஜாவின் பெயர். அந்த ராஜாவை அவள் தபால்தலையில் மட்டும் பார்த்திருக்கிறாள். பதினோரு வயதில் யுத்தம் வந்தது. பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் பதுங்குகுழி. பதினைந்து வயதில், தாத்தா வேலை பார்த்த நூல் மில்லின் கூரையில் குண்டு விழுந்தது. தாத்தா வீட்டுக்கு வரவில்லை. அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தை யாரோ கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது மாமாவுக்கு எட்டு வயது. என் அம்மா இடுப்பில் இருக்கும் குழந்தை. அன்றைக்கே பெரியம்மா அந்த வீட்டுக்கு இன்னொரு அம்மா ஆகிவிட்டாள். அவளை யாரும் கேட்கவும் இல்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் தபால் நிலையத்தில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். பெருந்தன்மையால் அல்ல, போன ஆண்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. பெரியம்மாவுக்குக் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலை. சுவர் நிறைய சின்னச் சின்ன மர அறைகள், ஒரு தெருவுக்கு ஓர் அறை. பிரிப்பவரின் கண் உறையின் கடைசி வரியில் ஆரம்பித்து மேலே ஏறும். ஊர், தெரு, கதவு எண். அவ்வளவுதான், கை கடிதத்தை அறைக்குள் தள்ளிவிட வேண்டும். யாருடைய பெயர் என்று பார்த்துக்கொண்டிருந்தால் மூட்டை தீராது, அது தபால்காரர் பாடு. ஒவ்வொருவர் கையிலும் எண் போட்ட ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். தப்பு நடந்தால் யார் குடுமியைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. பெரியம்மாவின் எண் பதினேழு.

அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பதினேழு, இதைக் கொஞ்சம் பாரும்மா" என்பார்கள். மாமா அதைக் கேட்டுவிட்டு வீட்டிலும் ஆரம்பித்தார். "பதினேழு, என் சட்டை எங்கே?" "பதினேழு இன்னைக்கு ரொம்ப உஷ்ணமா இருக்கு, யாரும் கிட்டப் போகாதீங்க." அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்துவாளாம். இதை என் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், பிறகு மூக்கைச் சிந்துவாள்.

பெரியம்மாவுக்கு இருபத்தொன்பது வயதில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒரு வாரம் தெருச்சண்டை. எங்களைச் சுற்றி நாலு தெருக்கள் எரிந்தன, எங்கள் தெரு எப்படியோ தப்பியது. மாமா ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். துண்டுப் பிரசுரம் அச்சடித்தார் என்று அவரைப் பிடிக்க ஆள் வந்த காலையில், மாடி வழியாகப் பக்கத்துக் கூரைக்குத் தாவிப் போனார். போனவர் போனவர்தான். அடுத்த மாதம் ஊரில் எல்லாத் தெருக்களின் பெயரும் மாறின. எங்கள் தெருவுக்கு ஒரு தளபதியின் பெயர் வந்தது. பழைய தெருப் பெயரோடு வரும் கடிதங்களை 'அப்படி ஒரு தெரு இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அந்தத் தெருவில்தான் தன் வீடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பெரியம்மா நாள் முழுக்கக் குத்தினாள்.

பதினோரு வருஷம் கழித்துத் தளபதிகள் போனார்கள். தெருவுக்கு ஒரு தேதியின் பெயர் வைத்தார்கள். இன்னொரு ஆட்சி வந்து தேதியை எடுத்துவிட்டு வெறும் எண் போட்டது. ஒரு வெள்ளம் வந்து கீழ்த்தளம் முழுகியது. நிலாவுக்கு ஆள் போனான். இதற்கிடையில் என் அம்மாவுக்குக் கல்யாணமாகி, நான் பிறந்து, அப்பா இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு போய், நாங்கள் இதே வீட்டுக்குத் திரும்பி வந்தோம். பெரியம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஒரு தபால்காரர் ஆறு வருஷம் நடையாய் நடந்தார். ஊர் மாறிப் போக வேண்டியிருக்கும் என்று அவரையும் அனுப்பிவிட்டாள். கடிதம் பிரிக்க இயந்திரம் வந்த வருஷம் ஓய்வு பெற்றாள். அதன் பிறகும் தினமும் பத்து மணிக்குத் தபால் நிலையத்துக்குப் போய், "பழைய பேர்ல ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வருவாள். அங்கே முதலில் சிரித்தார்கள், பிறகு நாற்காலி போட்டார்கள். தொண்ணூற்றிரண்டு வயதில் கொள்ளைநோய் வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அந்த நடை நின்றது. அப்புறம் ஜன்னலோரம் ஒரு நாற்காலி. தபால்காரப் பெண் வரும் நேரம் அவளுக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், அழைப்பு மணி அடித்தது. பெரியம்மா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். கதவைத் திறந்தால், என்னைவிடக் கொஞ்சம் சின்னவளாக ஒரு பெண்மணி. மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அக்கா, இது முன்னாடி ராஜா பேர்ல இருந்த தெருதானே?"

"அதெல்லாம் எந்தக் காலம்! நீங்க யாரு?"

அவள் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்த ஒரு பழைய கடிதத்தை எடுத்தாள். "இது எங்க அப்பா எழுதினது. அவர் போன வருஷம் தவறிட்டார். பெட்டியைச் சுத்தம் பண்ணும்போது கிடைச்சுது. பழைய வரைபடம் வச்சிருக்கிறவங்க யார் யாரையோ பிடிச்சு, இந்தத் தெருவைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு."

உறையில் என் பாட்டியின் பெயர், எங்கள் கதவு எண், ராஜாவின் தெரு. ஒட்டிய உறை கிழிக்கப்படவே இல்லை. குறுக்கே ஊதா மையில் முத்திரை: அப்படி ஒரு தெரு இல்லை, அனுப்பியவருக்குத் திருப்புக. அதன் கீழே ஒரு வட்டம். வட்டத்துக்குள் பதினேழு.

அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். முறைப்படி பார்த்தால் நான் அவளுக்கு அண்ணி. மாமா மகளை முதல்முதலாகப் பார்க்கிறவள் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். நான் செய்தது, ஒரு திருடியைப் போல அவள் வாயைப் பொத்தியதுதான்.

"மெதுவா பேசு. அங்க உட்கார்ந்திருக்கிறது உன் அத்தை. உங்க அப்பாவோட அக்கா."

அவள் அப்படியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்காங்களா? அத்தை பேரைத்தான் அப்பா எனக்கு வச்சிருக்கார். செத்துப்போனவங்க பேருன்னு சொல்லி வச்சார்."

"அவர் ஏன் அப்படி நினைச்சார்?"

"இந்தப் பக்கத் தெருவெல்லாம் எரிஞ்சுதுன்னு வெளிநாட்டுல இருக்கும்போது கேள்விப்பட்டிருக்கார். அப்புறம் கடிதமும் இப்படித் திரும்பி வந்தது. தெருவே இல்லைன்னா வீடு ஏது, ஆளு ஏதுன்னு விட்டுட்டார். ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு தடவை இந்த ஊர் நகராட்சிக்கு எழுதி விசாரிச்சார். அப்பவும் அப்படி ஒரு தெரு இல்லைன்னுதான் பதில் வந்துச்சு."

நான் அந்த வட்டத்தை விரலால் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பிரிக்கிறவர்கள் தெருவை மட்டும்தான் பார்ப்பார்கள், பெயரைப் பார்க்க மாட்டார்கள் என்றேன். தான் உயிரை வைத்துக் காத்திருந்த கடிதத்தைப் பெரியம்மா தன் கையாலேயே, பார்க்காமல், திருப்பி அனுப்பியிருக்கிறாள். இது அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவள் கதை முடிந்துவிடும். "அப்பா போட்டோ இருந்தா காட்டு, அவர் நல்லா இருந்தார்னு சொல்லு. இது மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிற ஆள் இல்லை.

"யாரு வந்திருக்கா?" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

இரண்டு பேரும் போய் நின்றோம். பெரியம்மா வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பொண்ணா?"

"ஆமா அத்தை."

"அவன்?"

"போன வருஷம், அத்தை. தூக்கத்துலயே."

பெரியம்மா தலையை ஆட்டினாள். நாற்காலியின் கையை இரண்டு தடவை தடவினாள். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எத்தனை வயசு? எத்தனை பசங்க? முடி கொட்டிடுச்சா அவனுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாமா பெண்ணும் அழுதுகொண்டே பதில் சொன்னாள். கடைசியில் பெரியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கையைப் பின்னால வச்சுக்கிட்டு எதை மறைக்கிற?"

நான் சுவரைப் பார்த்தேன். மாமா பெண் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிப் பெரியம்மாவின் மடியில் வைத்துவிட்டாள். அந்த நிமிஷம் மாமா பெண்ணை இரண்டு அறை அறைந்தால் என்ன என்று தோன்றியது.

பெரியம்மா உறையை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள். கீழ் வரியில் ஆரம்பித்து மேலே போனாள். பிறகு கட்டைவிரலை அந்த வட்டத்தின் மேல் வைத்தாள்.

"என் நம்பர்."

"பெரியம்மா, நீ வேணும்னு பண்ணல. தெருவை மட்டும் பார்த்துட்டுக் குத்திட்ட. ஒரு நாளைக்கு ஆயிரம் கடிதம், யாருக்குத்தான்..."

"யாரு சொன்னா? பேரைப் பார்த்துட்டுதான் குத்தினேன்" என்றாள் பெரியம்மா.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அலுவலகத்தில் விவரம் கொடுக்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

"அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? வெளிநாட்டுக் கடிதம் எத்தனை வந்துச்சுன்னு எண்ணி வச்சிருப்பாங்க. வெளியே போகும்போது எங்களைத் தடவிப் பார்ப்பாங்க. ஒளிச்சு எடுத்துட்டு வர முடியாது. அறையில போட்டா நேரா பின்னால இருக்கிற மேஜைக்குப் போகும். அங்க பிரிச்சுப் படிப்பாங்க. தேடுற ஆளோட வீட்டுக் கடிதம்னா அம்மாவையும் எங்களையும் அள்ளிக்கிட்டுப் போவாங்க, அவன் இருக்கிற இடமும் தெரிஞ்சிடும். திருப்பி அனுப்பற கடிதத்தை மட்டும்தான் யாரும் பிரிக்க மாட்டாங்க. கண்காணிப்பாளர் என் முதுகுக்குப் பின்னால நின்னார். குத்திட்டேன்."

"அப்ப இத்தனை வருஷம் எதுக்குக் காத்துக்கிட்டு இருந்த?"

"என் நம்பர் இருக்குல்ல? நல்லா மை வச்சு, எடுப்பாக் குத்தினேன். பதினேழைப் பார்த்தா அவனுக்குப் புரிஞ்சிடும், அக்கா உசிரோட இருக்கா, வேணும்னுதான் திருப்பியிருக்கா, பொறுத்து எழுதலாம்னு. அதுதான் நான் அவனுக்குப் போட்ட கடிதம். அதுக்குப் பதில் வரும்னு இருந்தேன். தளபதிங்க போனதும், இந்த உறையில அவன் போட்டிருந்த துறைமுகத்துக்கு நானே மூணு தடவை எழுதினேன். அப்படி ஆளே இல்லைன்னு திரும்பி வந்துச்சு."

"அப்பா பேரை மாத்திக்கிட்டார், அத்தை."

பெரியம்மா அதைக் காதில் வாங்கவில்லை. மாமா பெண்ணின் முகத்தையே பார்த்தாள். "அவன் நம்பரைப் பார்த்தானா?"

ஒரு பொய் சொல்லித் தொலைத்தால் என்ன என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். பார்த்தார், அடிக்கடி சொல்லுவார் என்று இரண்டு வார்த்தை. இவளும் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு யாருக்கும் பொய் வராது.

"இல்ல அத்தை. நம்பரைப் பத்தி அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கு அந்த எழுத்து மட்டும்தான் கண்ல பட்டிருக்கு."

கடிதம் பிரிக்கிற உலகத்தில் பதினெட்டு வயதிலிருந்து கிடந்தவள் செய்யக்கூடிய தப்பு அது. முத்திரையில் எண்ணைத் தேடிப் படிப்பது அவர்கள் மட்டும்தான். நாமெல்லாம் 'இல்லை' என்ற வார்த்தையைப் பார்த்ததும் உறையைக் கவிழ்த்துவிடுவோம். அவளுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

"நானா இருந்தா முதல்ல நம்பரைத்தான் பார்த்திருப்பேன்" என்று பெரியம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "அம்மாகிட்டயும் நான் சொல்லல" என்றாள்.

"என்ன சொல்லல?"

"அவன் உசிரோட இருக்கான்னு. அம்மாவுக்கு மனசுல ஒண்ணும் நிக்காது. தண்ணி பிடிக்கிற இடத்துல யார்கிட்டயாவது சொல்லிடுவா. நான் வேலை முடிஞ்சு வரும்போது படியிலேயே உட்கார்ந்திருப்பா. பதினாலு மாசம், அவன் கடிதம் வந்துச்சான்னு தினமும் கேட்டா, தினமும் இல்லன்னேன். சாகிற அன்னைக்கும் கேட்டா. அன்னைக்கும் இல்லன்னேன். டாக்டர் பக்கத்துல இருந்தார், யாரோ எவரோன்னு பயம்."

மாமா பெண் அவள் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள். நான் கடிதத்தைப் பிரித்துப் படிக்கட்டுமா என்று கேட்டேன். பெரியம்மா விறைப்பாக நிமிர்ந்தாள்.

"அது அம்மா பேருக்கு வந்த கடிதம். அடுத்தவங்க கடிதத்தை நான் பிரிச்சதில்ல."

"பாட்டி செத்து அறுபத்தஞ்சு வருஷம் ஆச்சு!"

"பேருக்குரியவர் இறந்துட்டா மூத்த வாரிசு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும். காகிதம் கொண்டா."

சண்டை போடுகிற நேரமா அது? கொண்டுவந்து கொடுத்தேன். பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டாள். அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு கத்தரிக்கோலால் ஓரத்தை ஒழுங்காக வெட்டச் சொன்னாள். உள்ளே ஒரே ஒரு தாள், அரைப்பக்கம். நான் படித்தேன்.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். கப்பலுக்கு வர்ணம் அடிக்கிற வேலை கிடைச்சிருக்கு. குளிர்தான் தாங்கல. நான் உயிரோட இருக்கிறது வெளியே தெரிய வேண்டாம், தெரிஞ்சா உங்களைத்தான் இம்சை பண்ணுவாங்க. நீ அழுது ஊரைக் கூட்டிடாதே. தங்கச்சிகிட்ட சொல்லாதே, சின்னப் பொண்ணு, உளறிடுவா. பதினேழுகிட்ட மட்டும் சொல்லு. தலையே போனாலும் அவ வாயைத் திறக்க மாட்டா."

அதற்குக் கீழே அவர் பெயரின் முதல் எழுத்து மட்டும் இருந்தது.

"கடைசி வரியை இன்னொரு தடவை படி" என்றாள் பெரியம்மா. படித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டாள், நான் தாளை நீட்டினேன். மாமா பெண் வாங்கிப் படித்தாள்.

அறுபத்து மூன்று வருஷத்தில் என் பெரியம்மா அழுது நான் பார்த்ததில்லை. என் அம்மா செத்த அன்றைக்குக்கூட அவள்தான் எல்லோருக்கும் டீ போட்டாள். இப்போது சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். நான் புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைக்கப் போனேன். என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"கொஞ்சம் ஓட்டை வாயா இருந்திருக்கலாமே நான்" என்றாள். "அம்மா காதுல மட்டும் சொல்லியிருக்கலாமே."

இல்லை பெரியம்மா, நீ செய்ததுதான் சரி என்று சொல்ல வந்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.